நியமன எம்.எல்.ஏ.க்களை நீக்கச் சொல்லி யாரிடம் மனு கொடுப்பது?

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். சட்டசபையில் தீர்மானம் போட்டு மேலவையையே கலைத்தார். புதுச்சேரியில் 3 நியமன எம்.எல்.ஏ.க்களை அப்படி எடுக்க முடியாதா? எங்கள் குடியிருப்போர் சங்கம் முதல்வரிடமும் கவர்னரிடமும் மனு கொடுக்கப் போகிறது. கடலூரில் இருக்கும் உறவினர்களும் அதில் கையெழுத்துப் போடலாமா?"

கோரிக்கை நியாயமானதுதான், ஆனால் முகவரி தப்பு. இதில் முதல்வராலும் ஒன்றும் ஆகாது, துணைநிலை ஆளுநராலும் ஆகாது.

எம்.ஜி.ஆர். மேலவையைக் கலைத்த 1986-ல்கூட வெறும் தீர்மானத்தோடு வேலை முடியவில்லை. அரசியல் சாசனம் 169-வது பிரிவுப்படி சட்டசபை சிறப்புப் பெரும்பான்மையோடு கேட்க வேண்டும், அப்புறம் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். அந்த வழி மாநிலங்களுக்கு மட்டும். புதுச்சேரி யூனியன் பிரதேசம், இங்கே மேலவையே கிடையாது. தேர்தலில் ஜெயித்த 30 பேரும் மத்திய அரசு நியமித்தவர்களும் ஒரே அவையில் உட்காருகிறார்கள். சிக்கலே அதுதான்.

மேலவையில் கவர்னர் நியமிப்பது ஆறில் ஒரு பங்கு. இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை இதில் ஏதாவது ஒன்றில் அனுபவம் வேண்டும் என்று சாசனமே சொல்கிறது. நடைமுறையில் கட்சிக்காரர்கள் நுழைந்துவிடுவார்கள் என்பது வேறு கதை. ஆனால் அவர்களால் ஆட்சியைக் கவிழ்க்க முடியாது, ஏனென்றால் அமைச்சரவை பதில் சொல்ல வேண்டியது சட்டசபைக்குத்தான்; நிதி மசோதாவையும் 14 நாளுக்கு மேல் பிடித்து வைக்க முடியாது. புதுச்சேரிக்கான 1963-ம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுகள் சட்டம் 3-வது பிரிவில் இந்த நிபந்தனை எதுவுமே இல்லை. மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம், அவர்கள் அரசு ஊழியராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 2017-ல் மாநில அரசைக் கேட்காமலே 3 பா.ஜ.க.வினரை நியமித்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2018 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: அமைச்சரவையைக் கலந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, பட்ஜெட்டிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும்கூட அவர்கள் ஓட்டுப் போடலாம்.

அந்த ஓட்டு என்ன செய்யும் என்பதை 2021 பிப்ரவரி 22 அன்று பார்த்தோம். ஆளுங்கட்சிப் பக்கத்து ராஜினாமாக்களுக்குப் பிறகு அப்போதைய காங்கிரஸ் முதல்வர் நாராயணசாமி பக்கம் சபாநாயகரையும் சேர்த்து 12 பேர், எதிர்ப்பக்கம் 14; ஆட்சி கவிழ்ந்தது. அந்த 14-ல் நியமனம் 3. கழித்துப் பாருங்கள், 11-தான் மிஞ்சும். ஆளுங்கட்சியிலிருந்து ஆள் போய்க்கொண்டே இருந்தது என்பதால் அந்த ஆட்சி எப்படியும் நிலைத்திருக்காது என்று சொல்பவர்கள் உண்டு, இருக்கலாம், ஆனால் அன்றைக்குக் கணக்கை மாற்றியது எந்தத் தொகுதியிலும் நிற்காமல் உள்ளே வந்த 3 பேர். அதே வருடம் மே மாதம் ரங்கசாமி முதல்வராகப் பதவியேற்று, கொரோனாவால் சென்னையில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அடுத்த 3 பேரை நியமித்துவிட்டார்கள். 6 இடம் ஜெயித்த பா.ஜ.க. 9 ஆனது, முதல்வரின் என்.ஆர். காங்கிரஸுக்கு 10. நாளைக்கு டெல்லியில் வேறு கட்சி வந்தாலும் இதையேதான் செய்யும், செய்யாமல் இருக்க அவர்கள் என்ன சாமியார்களா?

மேலவை வேண்டுமா வேண்டாமா என்பதில் இரண்டு பக்கமும் பேச இடமிருக்கிறது. ஆட்சியைத் தீர்மானிக்கும் அவைக்குள்ளேயே நியமனம் இருப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. டெல்லி சட்டசபையில் 70 பேரும் மக்கள் ஓட்டில் வந்தவர்கள்தான்.

சரி, வழி என்ன? சட்டம் நாடாளுமன்றத்துடையது, திருத்த வேண்டியதும் அதுதான். அரசியல் சாசனத்தில் கை வைக்கத் தேவையில்லை. 239-ஏ பிரிவு முழுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையையும் அனுமதிக்கிறது, அதனால் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு திருத்த மசோதா போதும். நியமனத்தை எடுப்பதும் புதிதில்லை, மக்களவையிலும் சட்டசபைகளிலும் இருந்த ஆங்கிலோ இந்தியர் நியமனம் 2020-ல் முடிவுக்கு வந்ததே.

மனுவை மக்களவைக்கு எழுதுங்கள் (அதைப் பரிசீலிப்பது அதன் மனுக்கள் குழு), நகல் மத்திய உள்துறைக்கு. தமிழில் எழுதினால் ஆங்கிலம் அல்லது இந்தி மொழிபெயர்ப்பும் கையெழுத்தோடு இணைக்க வேண்டும். ஒரு எம்.பி. மூலம் தாக்கல் செய்வது நல்லது, அவர் மேலொப்பம் போடுவார். அவர் புதுச்சேரி எம்.பி.யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கடலூர் எம்.பி.யிடமும் கேட்கலாம், உங்கள் உறவினர்களும் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம்.

மனுவில் இரண்டு கோரிக்கை வையுங்கள். முதலாவது, நியமன உட்பிரிவை அடியோடு நீக்க வேண்டும். அது முடியாவிட்டால், நம்பிக்கை ஓட்டெடுப்பிலும் பட்ஜெட்டிலும் நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு கூடாது. ராஜ்யசபா தேர்தலிலும் ஜனாதிபதி தேர்தலிலும் அவர்களுக்கு இப்போதே ஓட்டு கிடையாது என்பதை மறக்காமல் எழுதுங்கள், இரண்டாவது கோரிக்கைக்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. புதுச்சேரி சட்டசபையில் தீர்மானம் போட வைத்தால் கூடுதல் பலம்தான், ஆனால் மாநில அந்தஸ்து கேட்டு எத்தனை தீர்மானம் டெல்லிக்குப் போயிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.