டிக்கெட் இருக்கிறது, நாற்காலி எங்கே?

மேட்ச் பார்க்க, கச்சேரி கேட்க, ராத்திரி ஊர் சுற்ற என்று சென்னைக்கு வந்துபோனவர்களும் வரப்போகிறவர்களும் எழுதிய கடிதங்கள் இந்த வாரம். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். வசவுகளையும்தான்.

கேள்வி: சேப்பாக்கத்தில் சிஎஸ்கே மேட்ச். ஆன்லைனில் கிடைக்கவில்லை. டெலிகிராமில் ஒருவர் "தங்கச்சி நிச்சயதார்த்தம், போக முடியல" என்று சொல்லி இரண்டு டிக்கெட்டை 9,000 ரூபாய்க்கு அனுப்பினார். கேட்டில் ஸ்கேன் செய்தால், இந்த டிக்கெட்டில் ஏற்கெனவே ஆள் உள்ளே போயாச்சு என்கிறார்கள். பையன் மஞ்சள் ஜெர்சியோடு வாசலிலேயே அழுதுவிட்டான். பணம் திரும்புமா? (கோவை வாசகர்)

பதில்: பையனை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள். பணம் அந்தக் கணக்கில் இன்னும் கிடந்தால் முடக்கி வைக்க வழி உண்டு, ஆனால் தாமதமாகத் தாமதமாக வாய்ப்பு குறையும். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், அந்த ஆளின் ஐடி, சாட் முழுவதும் ஸ்கிரீன்ஷாட், எல்லாம் வேண்டும். கோபத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள்.

இதில் சூட்சுமம் எதுவும் கிடையாது. ஒரே பிடிஎஃப்பை ஐந்து பேருக்கு விற்பார்கள். முதலில் வந்தவர் மேட்ச் பார்ப்பார், மற்ற நால்வரும் காம்பவுண்டுச் சுவரைப் பார்ப்பார்கள். 2025 சீசனில் சேப்பாக்கத்தில் டிக்கெட் 1,700 ரூபாயில் தொடங்கி 7,500 வரை போனது. அந்த 1,700 ரூபாய் டிக்கெட்டைத்தான் பெரும்பாலும் இப்படி இரண்டு மூன்று மடங்குக்குத் தள்ளிவிடுகிறார்கள். பிளாக்கில் வாங்கியதற்கு உங்களைத் திட்டப்போவதில்லை. லட்சம் பேர் முன்னால் நிற்பதாகத் திரையில் காட்டினால் அப்பா என்ன செய்வார்? ஆனால் ஸ்கிரீன்ஷாட்டாக, பிடிஎஃப்பாக வரும் எதற்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். இந்த நிச்சயதார்த்தத் தங்கச்சிக்கு சீசனுக்கு ஏழு மேட்ச், ஏழு மாப்பிள்ளை.

கேள்வி: ஐபிஎல் டிக்கெட்டில் வரி மட்டும் எவ்வளவு போகிறது?

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் 28. இந்தியா ஆடும் சர்வதேசப் போட்டி என்றால் 500 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதம்தான். டெஸ்ட் மேட்ச் பாருங்கள், உடம்புக்கும் நல்லது.

கேள்வி: மதியம் 3.30 மேட்ச். எந்தப் பக்கம் உட்காரலாம்?

பதில்: மேற்கு. கிழக்குப் பக்கம் வாங்கினால் சாயங்காலம் வரை வெயில் முகத்திலேயே அடிக்கும். முடிந்ததும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசாமல் சேப்பாக்கம் பறக்கும் ரயிலுக்கோ அரசினர் தோட்டம் மெட்ரோவுக்கோ நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: டிசம்பர் கச்சேரி சீசனுக்கு வயதான அப்பா, அம்மாவோடு வருகிறோம். ஏஜென்ட் ஒருவர் ஐந்து நாள் "மார்கழி அனுபவம்" என்று ஆளுக்கு 40,000 ரூபாய் கேட்கிறார். ஹோட்டல் தனி. நியாயமான விலையா? (டொராண்டோ வாசகி)

பதில்: அநியாயம். எந்த சபா, எந்தத் தேதி, யார் கச்சேரி, எந்த வரிசை என்று அவரை எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு போன் வருவது நின்றுவிடும்.

அவர் விற்பதில் பாதி சும்மா கிடைக்கிறது. பெரும்பாலான சபாக்களில் மத்தியானக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பாடுவது இளைஞர்கள். ஐந்து வருஷம் கழித்து மாலை ஸ்லாட்டில் இவர்களையே காசு கொடுத்துக் கேட்பீர்கள். மியூசிக் அகாடமியில் சீசன் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி 1 வரை. காலை எட்டு மணி லெக்டெம்முக்கும் (பாடிக் காட்டி விளக்கும் உரை) கட்டணம் இல்லை. அப்பாவுக்கு ராகத்தில் ஈடுபாடு இருந்தால் அங்கிருந்து கிளப்பிக்கொண்டு வருவதுதான் கஷ்டம். தமிழ்ப் பாட்டாகவே கேட்க வேண்டும் என்றால் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம், தமிழிசைச் சங்கத்தின் விழா.

மாலைக் கச்சேரிக்கு மட்டும் டிக்கெட் வேண்டும். பெரிய பெயர்களுக்கு முன்கூட்டியே வாங்குங்கள், சபா கவுன்டரிலோ அவர்களே சொல்லும் தளத்திலோ. அகாடமியில் நல்ல இடங்கள் சீசன் டிக்கெட்காரர்களிடம் போய்விடும். மிச்சம் பெரும்பாலும் பால்கனி. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் அந்தப் படிகளை யோசித்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் கேன்டீன். பல சபாக்களில் அதற்குள் போக டிக்கெட் தேவையில்லை என்பதை அந்த ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். கச்சேரிக்கே போகாமல் கீரை வடைக்கும் அல்வாவுக்கும் மட்டும் தினம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி ஹால் எழுந்து அங்கே ஓடும். மிருதங்கக்காரர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நீங்களாவது முன்னாலேயே சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள்.

ஜனவரி நடுவரை தங்குவதாக இருந்தால், பொங்கலை ஒட்டிப் பூங்காக்களிலும் மைதானங்களிலும் சென்னை சங்கமம். பறை, கரகம், ஒயிலாட்டம், எல்லாம் இலவசம்.

கேள்வி: ஈசிஆரில் திறந்தவெளி இசை நிகழ்ச்சி. ஆளுக்கு 5,000 கொடுத்து மூன்று "கோல்டு" டிக்கெட். போனால் உட்கார நாற்காலியே இல்லை. எங்கள் பகுதியில் சில்வர் டிக்கெட்காரர்கள். மனைவியும் அம்மாவும் நின்றே ஒரு மணி நேரம் பார்த்தார்கள், திரும்பிவிட்டோம். "உள்ளே வந்துவிட்டீர்கள், எனவே பணம் தர முடியாது" என்று பதில் வந்திருக்கிறது. (வேலூர் வாசகர்)

பதில்: இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

கோல்டு, பிளாட்டினம், டயமண்ட், அதற்கு மேல் விவிஐபி. நகைக்கடையில்கூட இத்தனை வகை இல்லை. இதில் எதுவுமே இருக்கை இல்லை, வேலி போட்ட ஒரு பகுதிக்குள் நுழைய அனுமதி, அவ்வளவுதான். டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள்: வரிசை எழுத்து இருக்கிறதா, இருக்கை எண் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வேலிக்குள் எத்தனை பேரை விடுவார்கள் என்பது நிகழ்ச்சி நடத்துகிறவரின் மனசாட்சியைப் பொறுத்தது. அந்த மனசாட்சி விற்பனை நன்றாகப் போகும்போது தூங்கிவிடும். புக்கிங் பக்கத்தில் ஒரு வரைபடம் போட்டிருப்பார்களே, அதை நம்பவே நம்பாதீர்கள். மேடை பெரிதாக, உங்கள் பகுதி அதை ஒட்டினாற்போல இருக்கும். இத்தனை அடி தூரம் என்று எழுதியிருக்காது. ஒலிக் கட்டுப்பாட்டுக் கூடாரம் எங்கே வரும், கேமரா கிரேன் எங்கே நிற்கும் என்பதும் இருக்காது.

ஒரு தடவை நானும் இப்படி "பிளாட்டினம்" வாங்கினேன். எனக்கும் மேடைக்கும் நடுவில் நீலத் தார்ப்பாய் போட்ட அந்தக் கூடாரம். அதற்கு மேலே பாடகரின் தலைமுடி, உச்சஸ்தாயிக்குப் போனால் ஒரு கை. மற்றதை எல்இடி திரையில் பார்த்தேன். பார்க்கிங்குக்கு வேறு தனியாக வாங்கினார்கள்.

2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சியில் நடந்தது ஊருக்கே தெரியும். டிக்கெட் வைத்திருந்தவர்கள் உள்ளேயே போக முடியாமல் திரும்பினார்கள், ஈசிஆரில் வண்டிகள் நகரவில்லை. உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். அது பெரிய பெயர், பெரிய சத்தம், அதனால் அசைந்தார்கள். உங்கள் விஷயத்தில் நீங்கள்தான் சத்தம் போட வேண்டும்.

உள்ளே வந்துவிட்டீர்கள் என்பதெல்லாம் ஒரு பதிலே இல்லை. விற்ற தரத்தில் சேவை தரவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. முதலில் அமைப்பாளர், டிக்கெட் விற்ற தளம் இருவருக்கும் தேதி போட்டு மெயில் அனுப்பி அவகாசம் கொடுங்கள். அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். அதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் வேலூர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்குட்பட்ட விஷயத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு வருஷத்துக்குள் செய்ய வேண்டும். அன்று எடுத்த போட்டோக்களை அழிக்காதீர்கள், அவற்றில் நேரம் பதிவாகியிருக்கும். பணத்தோடு மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேளுங்கள். அம்மா நின்றதற்கு.

கேள்வி: ஆப்பில் புக் செய்தேன். நிகழ்ச்சி அன்று பார்த்தால் அது பெங்களூரு ஷோ. நான் சென்னையில் ரூம் போட்டிருக்கிறேன். ரீஃபண்ட் வாங்க வழி?

பதில்: ஊர் பெயர் திரையின் மேலேயும் டிக்கெட்டிலும் வந்த மெயிலிலும் இருந்திருக்கும். இதற்கு எந்தச் சட்டத்தைத் தேடச் சொல்கிறீர்கள்?

கேள்வி: நட்சத்திர ஹோட்டல் பாரில் நண்பர்களோடு 6,400 ரூபாய் பில். 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தார்கள். எடுக்கச் சொன்னதற்கு "மெனுவிலேயே போட்டிருக்கே சார்" என்கிறார் மேனேஜர். (ஓசூர் வாசகர்)

பதில்: மெனுவில் அச்சடித்துவிட்டால் சட்டமாகிவிடாது. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறி போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மேசையில் உட்கார்ந்தபடியே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள். பல இடங்களில் நம்பரை அழுத்தும்போதே புது பில் வந்துவிடும். பரிமாறிய பையனுக்குக் கொடுக்க நினைப்பதை அவன் கையில் கொடுங்கள்.

பில்லை இன்னொரு தடவை பாருங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநிலத்தின் வாட் வரிதான். பீருக்கும் சேர்த்து மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போட்டிருந்தால் அதுவும் தவறு. கவர் சார்ஜ் (நுழைவுக் கட்டணம்) வாங்கும் இடமென்றால், 3,000 கட்டினால் முழுசுக்கும் சாப்பிடலாமா, வரி போக மீதிக்கா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பொங்கல் லீவில் ஜனவரி 16 இரவுக்கு ஒரு பாரில் டேபிள் போட்டு 5,000 முன்பணம் கட்டினோம். போனால் மூடியிருக்கிறது. (பெங்களூரு வாசகர்)

பதில்: அன்று திருவள்ளுவர் தினம், தமிழ்நாட்டில் மதுக்கடையும் பாரும் கிடையாது. வெளி மாநிலத்துக்காரர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், பார் நடத்துகிறவருக்குத் தெரியாதா? முன்பணம் முழுதும் திரும்ப வர வேண்டும். வேறு தேதிக்கு மாற்றித் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குடியரசு தினம், காந்தி ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள், இன்னும் சில நாட்களும் இப்படித்தான்.

கேள்வி: எனக்கு 20 வயது. சென்னை பப்பில் விடுவார்களா?

பதில்: 21.

கேள்வி: நள்ளிரவுக்கு மேல் சென்னையில் என்ன செய்யலாம்?

பதில்: தூங்கலாம். மெட்ரோ பதினொரு மணியோடு சரி.

கேள்வி: இசை நிகழ்ச்சிக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோக விடவில்லை. உள்ளே ஸ்டாலில் 20 ரூபாய் என்று அச்சிட்ட பாட்டிலை 60க்கு விற்றார்கள். கேட்டால் "ஹோட்டலில் கொடுக்கறீங்கல்ல" என்றார் கடைக்காரர்.

பதில்: ஹோட்டல், உணவகங்களில் உட்கார வைத்துப் பரிமாறும்போது எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அந்தத் தீர்ப்பு ஸ்டாலில் பாட்டிலை நீட்டிக் காசு வாங்குகிறவருக்குப் பொருந்தாது. அது கடை, அங்கே அச்சிட்ட விலைதான். பாட்டில் லேபிளையும் ஸ்டாலின் பெயர்ப் பலகையையும் படம் எடுங்கள், பணத்தை யுபிஐயில் கட்டுங்கள், அதுவே ரசீது. புகார் சட்ட முறை எடையளவு அதிகாரிக்கு, அல்லது 1915க்கு. அந்த வெற்றுப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?