பிபிசி மைக்ரோவுக்கு எமுலேட்டர்: குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகள்

மத்திய அரசு 1984-ல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த கம்ப்யூட்டர் பிபிசி மைக்ரோ. 6502 பிராசஸர், 32 கேபி மெமரி. அதற்கு நான் சி மொழியில் எமுலேட்டர் (அந்தக் கம்ப்யூட்டரைப் போலவே இன்றைய கருவியில் நடந்துகொள்ளும் மென்பொருள்) எழுதிவருகிறேன் என்றதும் நம் ஊர்க்காரர்கள் பலர் கேள்வி அனுப்பினார்கள்.

அண்ணே, எதிலிருந்து ஆரம்பிக்கணும்? (பாலிடெக்னிக் மாணவர், மார்த்தாண்டம்)

பிராசஸரிலிருந்து, மக்கா. திரையைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். 6502-க்கு கிளவுஸ் டோர்மன் எழுதிய சோதனை நிரல் இணையத்தில் கிடைக்கிறது. எங்கே தப்பு இருக்கிறதோ அந்த முகவரியிலேயே அது சுற்றிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்து. டெசிமல் மோடில் (எண்களைப் பத்தடிமானத்தில் வைத்துக் கணக்கிடும் முறை) கூட்டல் கழித்தலைக் கடைசியாக வைத்துக்கொள், அதுதான் ரொம்ப நேரம் எடுக்கும்.

லேப்டாப்பில் நன்றாக ஓடுது அண்ணா. ராஸ்பெரி பையில் போட்டால் கறுப்புத் திரைதான். (தக்கலை)

இதே இடத்தில் நான் மூன்று இரவு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் நிரலில் 'சார்' (சி மொழியில் ஒரு பைட் மாறியின் வகை) என்று வெறுமனே அறிவித்த மாறிகளைத் தேடுங்கள். 6502-ல் ஒரு லூப் பின்னால் தாவ, தூரத்தை ஒரே பைட்டில் சொல்லும். மூன்று பைட் பின்னால் என்றால் அந்த பைட் பதினாறடிமானத்தில் எஃப்டி, அதாவது 253. இன்டெல் லேப்டாப்பில் 'சார்' குறியுள்ள எண் (கழித்தல் எண்ணாகவும் இருக்கலாம்), அதனால் 253 தானாகவே கழித்தல் 3 ஆகிவிடும். ராஸ்பெரி பையில் இருப்பது ஏஆர்எம் பிராசஸர். ஏஆர்எம் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் அது குறியில்லாத எண். லூப் பின்னால் போகாமல் 253 பைட் முன்னால் தாவி எங்கேயோ போய் விழும். அந்த மாறியை 'இன்ட்8_டி' (எப்போதும் குறியுள்ள ஒரு பைட் எண்) என்று மாற்றுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சேமித்த நிலையைக் கோப்பில் எழுதும்போது ஸ்ட்ரக்டை (பல மாறிகளைச் சேர்த்த தொகுப்பை) அப்படியே கொட்டாதீர்கள். இடையில் கம்பைலர் விடும் காலி இடம் கருவிக்குக் கருவி மாறும். ஒவ்வொரு பைட்டாக எழுதுங்கள்.

ஆண்ட்ராய்டுக்குத் தனியாக எழுதணுமா? (குழித்துறை)

வேண்டாம். மையப் பகுதிக்கு ஒரே வேலைதான்: இத்தனை சுற்று (பிராசஸரின் கடிகாரத் துடிப்பு) ஓடு, படத்தை ஒரு அணியில் (அர்ரே) வை, ஒலியை இன்னொன்றில் வை. ஜன்னல், தொடுதிரை, கோப்பு எதுவும் அதற்குத் தெரியவே கூடாது. அதை வெளியே உள்ள சின்ன அடுக்கு பார்த்துக்கொள்ளும். கருவி மாறினால் அந்த அடுக்கை மட்டும் மாற்றினால் போதும். எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்ததே இந்தப் பிரிப்புதான்.

தம்பி, இப்போதைய கம்ப்யூட்டர் எவ்வளவோ வேகம். பழைய வேகத்தில் எப்படி நிறுத்துகிறாய்? (ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்)

அந்த பிராசஸர் நொடிக்கு 20 லட்சம் சுற்று ஓடும், டீச்சர். திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும். அப்போது ஒரு படத்துக்கு 40,000 சுற்று. அதை ஓட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பலர் மானிட்டரின் 60 ஹெர்ட்ஸை நம்பி வேகத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நான் ஒலியைக் கடிகாரமாக வைத்திருக்கிறேன். நொடிக்கு 44,100 ஒலி மாதிரி என்றால் ஒரு படத்துக்கு 882. ஒலி அட்டை அவ்வளவையும் வாசித்த பிறகுதான் அடுத்த படம். கண் சின்னப் பிசகை மன்னிக்கும், காது 'டிக்' என்ற சத்தத்தை உடனே பிடித்துவிடும்.

மோடு 7-ல் (எழுத்து மட்டும் காட்டும் திரை முறை) நீளமான நிரலை லிஸ்ட் போட்டால், திரை நிறைந்ததும் வரிகள் மேலும் கீழுமாக மாறுது. (குளச்சல்)

நீங்கள் எப்போதும் திரை மெமரி தொடங்கும் 7சி00 (பதினாறடிமான எண்) முகவரியிலிருந்தே வரைகிறீர்கள். திரை உருளும்போது அந்தக் கம்ப்யூட்டர் 1,000 எழுத்துகளையும் நகர்த்துவதில்லை. திரைச் சிப்பான 6845-ன் 12, 13-ஆம் ரிஜிஸ்டர்களில் தொடக்க முகவரியை மட்டும் 40 கூட்டிவைக்கும். நீங்கள் அதை வாசித்து அங்கிருந்து வரைய வேண்டும். 7எஃப்எஃப்எஃப் தாண்டினால் மறுபடி 7சி00-க்குத் திரும்புங்கள். இருக்கும் கொஞ்ச மெமரியில் எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

எமுலேட்டரோடு ரோம் கோப்பையும் (பிபிசி மைக்ரோவுக்குள் இருந்த மூல நிரல்) சேர்த்தே கொடுக்கலாமா?

வேண்டாம். அதன் உரிமை நம்முடையது இல்லை.

மாமா வீட்டுப் பரணில் நிஜ மெஷின் ஒன்று கிடக்குது அண்ணே. போட்டுப் பார்க்கட்டுமா? (கருங்கல்)

தயவுசெய்து இப்போதே பிளக்கில் சொருகாதே! பவர் சப்ளையில் உள்ள பழைய வடிகட்டி கெப்பாசிட்டர்களில் வெடிப்பு விழுந்து ஈரம் ஏறியிருக்கும். கரண்ட் கொடுத்ததும் பட்டென்று வெடித்துப் புகையும். தெரிந்த எலக்ட்ரானிக்ஸ்காரரிடம் கொடுத்து முதலில் அதை மாற்றச் சொல். கூடவே பிளாப்பி கிடந்தால் டிரைவில் போடும் முன் வெளிச்சத்தில் பார். நம் கடற்கரைக் காற்றில் பூஞ்சை பிடித்திருந்தால் அது டிரைவின் தலையையும் கெடுத்துவிடும். மெஷின் உயிர் பெற்றால் எனக்குச் சொல், நான் கருங்கலுக்கே வருகிறேன். என் எமுலேட்டரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க இதுவரை எனக்கு நிஜ மெஷின் கிடைத்ததில்லை.