சாப்பிடாமல் கிடக்கும் வீட்டு முயலுக்கு உடனடியாக என்ன செய்ய வேண்டும்?

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வயதுப் பெண் முயல் நேற்று மதியத்திலிருந்து புல்லைத் தொடவில்லை. கரட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கூட்டின் மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு இருக்கிறது. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் குழந்தைகளின் அமொக்சிசிலின் பாணியில் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கும்படி அயலவர்கள் சொல்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். நான் வைத்தியர் இல்லை. கிளிநொச்சியில் நெடுங்காலமாக முயல் வளர்ப்பதாலும், சுகமில்லாத முயல்களுடன் வைத்தியரிடம் போய்வந்ததாலும் தெரிந்தவற்றையே எழுதுகிறேன்.

நாய் ஒரு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தால் மறுநாள் வரை பொறுத்துப் பார்க்கலாம். முயலுக்கு அந்த அவகாசம் கிடையாது. வளர்ந்த முயல் 12 மணித்தியாலம் எதையும் உண்ணாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அதை அவசர நிலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் முயல் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. ஆகையால் இதை வாசித்து முடித்தவுடன் வைத்தியரிடம் கொண்டுபோகும் ஒழுங்கைச் செய்யுங்கள். மற்றவை எல்லாம் அதுவரையும் அதற்குப் பின்னரும் வீட்டில் செய்ய வேண்டியவை.

முயலின் குடல் இரவும் பகலும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டியது. நார் நிறைந்த புல் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் முன்னர் தின்றது நகரும். அதன் பெருங்குடலின் தொடக்கத்தில் பெரிய பை போன்ற ஒரு பகுதி இருக்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்களே நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. உணவு வருவது நின்றால் நீர் வரத்து நின்ற வாய்க்காலைப் போல உள்ளே இருப்பது இறுகிக் கெட்டுப்போகிறது. வாயு சேர்கிறது, வாயுவினால் வலி உண்டாகிறது, வலியினால் முயல் இன்னும் உண்ண மறுக்கிறது. பட்டினி நீடித்தால் உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து ஈரலே செயலிழக்கக்கூடும். பருத்த முயல்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது என்பதால் உள்ளே போன எதுவும் வந்த வழியே திரும்பாது. ஓமத் தண்ணீர், கிரைப் வோட்டர், ஆமணக்கெண்ணெய் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

முதலில் கூட்டின் அடியைப் பாருங்கள். சுகமான முயலின் புழுக்கை உருண்டையாக, ஒரே அளவில், விரலால் நசுக்கினால் உலர்ந்த புல்தூளாக உதிரும். குடல் மந்தப்படும்போது அவை மிளகு அளவுக்குச் சிறுத்துக் கறுத்து, சில வேளைகளில் உரோமத்தில் கோத்த மணிகளாகத் தொங்கும். பிறகு அதுவும் நின்றுவிடும். கடைசியாகக் கிடைத்த புழுக்கைகளை ஒரு பையில் போட்டு வையுங்கள், வைத்தியருக்கு அது உதவும். திராட்சைக் குலையைப் போல ஒட்டிக்கொண்டு மினுமினுக்கும் மென்மையான புழுக்கையைக் கண்டு வயிற்றோட்டம் என்று பயப்பட வேண்டாம். அது முயல் மீண்டும் உண்பதற்காகவே போடுவது. வழமையாக ஆசனவாயிலிலிருந்து நேரடியாகவே எடுத்துத் தின்றுவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை.

அடுத்து வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பிசைந்த மாவைப் போல அமுங்கினால் குடல் மந்தமாக இருக்கலாம். பறையைப் போல விறைத்து ஊதியிருந்து, முயல் திடீரென்று சோர்ந்து விழுந்து, காதுகளும் குளிர்ந்துவிட்டால் குடலில் அடைப்பு இருக்கக்கூடும். அப்படியானால் வாயில் எதையும் ஊட்டக் கூடாது. மணிக்கணக்கில் உயிர் போகக்கூடிய நிலை அது. விலாவில் காதை வைத்துக் கேட்டால் சுகமான முயலில் இடையிடையே மெல்லிய உறுமல் சத்தம் கேட்கும். முற்றிலும் நிசப்தமாக இருப்பதும் நல்லதல்ல, ஓயாமல் கொப்பளிப்பதும் நல்லதல்ல. பற்களை உரத்து நறநறவென்று கடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, வயிற்றை நிலத்தில் அழுத்தினால் கடுமையான வலி என்று பொருள்.

உடல் வெப்பநிலையும் முக்கியம். முயலுக்கு ஏறத்தாழ 38.5 முதல் 40 பாகை செல்சியஸ் வரை இயல்பானது. 38க்குக் கீழே இறங்கிவிட்டால், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய போத்தலைத் துவாயில் சுற்றி அருகில் வைத்து உடம்பைச் சூடேற்றிய பின்னரே எதையும் ஊட்ட வேண்டும். குளிர்ந்த உடம்பில் குடல் அசையாது.

இனி அமொக்சிசிலின். மனிதக் குழந்தைக்குப் பாதுகாப்பான அந்தப் பாணியை முயல் வாயால் உட்கொண்டால், குடலில் நாரைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சை உண்டாக்கும் குளொஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகிவிடும். அம்பிசிலின், வாயால் கொடுக்கும் பெனிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். கொடுத்த அன்று முயல் நன்றாகவே தோன்றலாம். சில நாட்களுக்குப் பின் கடும் வயிற்றோட்டம் வந்து இறந்துபோகும்போது, பழைய நோயினால்தான் போனது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். இந்த மருந்து நம் ஊர்களில் எந்த வீட்டு அலுமாரியிலும் இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. உண்ணி, தெள்ளுக்காக நாய்க்குப் போடும் பிப்ரோனில் மருந்தையும் முயலின் மேல் போடக் கூடாது.

வன்னியில் முயலுக்கென்று தனி வைத்தியரைத் தேட வேண்டியதில்லை. உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கே கொண்டுபோகலாம். அங்குள்ள டொக்டரின் பெரும்பாலான வேலை மாட்டோடும் ஆட்டோடும்தான். என்றாலும் முயல் கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கை போட்டது, வழமையான தீனி என்ன, நிறை எவ்வளவு என்று நான்கு விடயங்களைத் தெளிவாகச் சொன்னால் அவருடைய வேலை பாதி இலகுவாகிவிடும். வலி நிவாரணி வேண்டுமா என்று தயங்காமல் கேளுங்கள். மெலொக்சிகாம் போன்ற மருந்தைச் சரியான அளவில் கொடுத்து வலி குறைந்தாலே பல முயல்கள் தாமாகப் புல்லைத் தேடும். தோலுக்கடியில் சேலைன் ஏற்றுவதும் பெரிதும் உதவும். குடலை அசைக்கும் மருந்து தேவையா என்பது அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகு அவர் முடிவுசெய்ய வேண்டியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறதுதான். ஆனால் சோர்ந்த முயலை ஏ9 வீதியில் கண்டிப் பக்கம் வரை வெயிலில் கொண்டுபோவது அதன் உயிருக்கே கேடாக முடியலாம்; ஆகவே உள்ளூர் டொக்டர் சொன்னால் மட்டும் போங்கள். எங்கு போனாலும் வெயில் படாமல், காற்றோட்டமுள்ள பெட்டியில் புல் பரப்பி, மேலே துணி போட்டுக் கொண்டுபோங்கள். சோடி முயல் இருந்தால் அதையும் கூட வையுங்கள். பழகிய துணை பக்கத்தில் இருந்தால் பயம் குறையும்.

அடைப்பு இல்லை என்று டொக்டர் சொன்ன பிறகு ஊட்டுவதே உங்கள் தலையாய வேலை. முயல் தீவனக் குருணை கிடைத்தால் வெந்நீரில் ஊறவைத்துக் குழையுங்கள். கிடைக்காவிட்டால் இளம் கினிப்புல், அறுகம்புல், கொஞ்சம் வல்லாரை ஆகியவற்றை நீர் விட்டு பிளெண்டரில் நன்றாக அடித்துக் கூழாக்குங்கள். பால், சீனி, குளுக்கோஸ், சோறு, பாண் எதுவும் சேர்க்க வேண்டாம். மாச்சத்தும் இனிப்பும் கெட்ட கிருமிகளுக்கே தீனி. மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சின் ஊசியைக் கழற்றிவிட்டு, முயலைத் துவாயில் சுற்றி, மடியில் இயல்பாக இருப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். ஒருபோதும் மல்லாத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே கன்னத்தின் பக்கமாக வெறுமையான ஓர் இடைவெளி இருக்கும். சிரிஞ்சின் நுனியை அங்கே நுழைத்து, 1 மில்லிலீற்றர் அளவுக்கு விட்டு, அது மென்று விழுங்கும் வரை காத்திருங்கள். முதல் ஓரிரு முறை துப்பும், தலையை ஆட்டும், உங்கள் சட்டையெல்லாம் பச்சையாகும். அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். தொடக்கத்தில் ஒரு கிலோ நிறைக்கு 5 மில்லிலீற்றர் போதும்; ஏற்றுக்கொண்டால் 10 வரை கூட்டலாம். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊட்டி, ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் கூழ் உள்ளே போனால் நல்லது. நீரை அதற்கு மேலதிகமாகக் கொடுங்கள். நாடியில் வழிந்ததை ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுங்கள். நம் வெயிலில் ஈரமாகிச் சிக்குப்பிடித்த உரோமத்தில் இலையான் முட்டையிட அதிக நேரம் ஆகாது.

தண்ணீர் பற்றிய ஒரு பிழையான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "முயலுக்குத் தண்ணி வைக்கப்படாது பிள்ளை, குடிச்சால் செத்துப்போகும்" என்று என் பெரியப்பா இன்றைக்கும் சொல்வார். காட்டு முயலைக் கண்டு வளர்ந்தவர் அவர். அது பனிபடிந்த பச்சையைத் தின்று ஈரத்தைப் பெறும் வேறோர் இனம். தகரக் கூரைக்குக் கீழே தவிடும் காய்ந்த புல்லும் தின்னும் வீட்டு முயலுக்கு எந்நேரமும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். நீர் குறைந்தாலே குடல் இறுகத் தொடங்கிவிடும்.

சாப்பிடாமல் இருப்பது நோயின் அடையாளம் மட்டுமே என்பதால், ஊட்டிக்கொண்டே மூல காரணத்தையும் தேட வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நீளமான புல்லை அரைத்து மென்றால்தான் தேயும். எங்கள் வீட்டுக் கபில நிற முயல் ஒன்று புல்லைக் கண்டவுடன் ஓடிவரும், ஒரு தண்டை உதட்டால் எடுத்து இரண்டு தரம் மென்றுவிட்டுக் கீழே போட்டுவிடும். நாடி எப்போதும் ஈரமாக இருந்தது. பசி இருக்கிறது, மெல்லத்தான் முடியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. டொக்டர் காது பார்க்கும் கருவியை வாய்க்குள் விட்டு வெளிச்சத்தில் காட்டினார். கீழ்க் கடைவாய்ப் பல்லின் விளிம்பு முள்ளாக வளர்ந்து நாக்கைக் கீறியிருந்தது. மயக்க மருந்து கொடுத்து அதை அராவ வேண்டியிருந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் மனிதரைப் பட்டினி போடுவதுபோல முயலைப் போடக் கூடாது என்பதையும் அன்று அவரே சொன்னார்.

இரண்டாவது காரணம் நம் வெக்கை. சித்திரையிலிருந்து சோளகம் ஓயும் வரை வன்னியின் பகல் வெப்பம் முயல் தாங்கக்கூடிய அளவைத் தாண்டியே நிற்கிறது. 30 பாகையைக் கடந்தாலே அது தீனியைக் குறைத்துவிடும். அதற்கு வியர்ப்பதில்லை, காதுகளின் வழியாகவே சூட்டை வெளியேற்றுகிறது. காது சிவந்து கொதித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காதுகளைச் சாதாரண தண்ணீரால் நனைத்து வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஐஸ் தண்ணீரில் அமிழ்த்த வேண்டாம். கூட்டின் தகரத்துக்கு மேல் கிடுகு வேய்வதும், உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வைப்பதும் நல்ல பலன் தரும்.

மூன்றாவது தீனி. கோழித்தீவனம் கொடுக்காதீர்கள், சிலவற்றில் கலந்திருக்கும் கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கான தடுப்பு மருந்துகள் முயலுக்கு நஞ்சாகக்கூடும். வயல் வரம்புப் புல் பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் காலபோகத்திலும் சிறுபோகத்திலும் அங்கே களைநாசினி அடிக்காத இடம் அரிது. இப்பில் இப்பில் இலையை நிறையப் போட்டால் அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் உரோமத்தை உதிர்க்கும். உரோம உருண்டை அடைத்துவிட்டது என்று அன்னாசிச் சாறு புகட்டுவோரும் உண்டு. அன்னாசி உரோமத்தைக் கரைக்காது, முயலின் வயிற்றில் கொஞ்சம் உரோமம் இருப்பது இயல்புதான். மாரியில் மூக்கோரத்திலும் காதிலும் பொருக்கு விட்டிருந்தால் சொறி. அதற்கு டொக்டரிடம் ஊசி இருக்கிறது.

முதல் புழுக்கைகள் வந்தவுடன் கையூட்டலை நிறுத்திவிட வேண்டாம். அவை சிறிதாகவும் கோணலாகவும் வரும்; அளவு சீராகி, முயல் தானாகவே புல்லை இழுத்துத் தின்னும் வரை தொடருங்கள். கொத்தமல்லி இலை, புதினா, ஈரப் புல் ஆகியவற்றை மூக்குக்கு அருகில் வைத்துப் பாருங்கள்; பெரும்பாலும் வாசனையுள்ள இலையைத்தான் முதலில் கடிக்கும். சுகமான பின்னரும் கிழமைக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். உரோமத்துக்குள் மறைந்திருக்கும் மெலிவைக் கண்ணுக்கு முன் தராசு காட்டிவிடும்.