எஃப்ஐ பைக் தூக்கித் தூக்கிப் போடுகிறதா? ரீமேப்புக்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள்

கேள்வி: என்னுடையது ஒற்றை சிலிண்டர், 300 சிசி எஃப்ஐ பைக் (கார்புரேட்டருக்குப் பதில் இஞ்செக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை). வாங்கி 3 வருடம் ஆகிறது. சைலன்சர், ஏர் ஃபில்டர் எல்லாம் கம்பெனி கொடுத்ததுதான், எதையும் மாற்றவில்லை. கொஞ்ச நாளாக 3000 ஆர்பிஎம் பக்கம் ஒரே சீராகப் போகும்போது ஜெர்க் அடிக்கிறது, ஆக்சிலரேட்டரை மூடித் திறந்தால் வண்டி தூக்கிப் போடுகிறது, சிக்னலில் நின்றால் ஐடிலிங் ஏறி இறங்குகிறது. ஈசியு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) ரீமேப் செய்தால், அதாவது அதில் இருக்கும் பெட்ரோல் அளவு அட்டவணையான மேப்பை மாற்றினால், சரியாகிவிடும் என்கிறார்கள். இதை நானே வீட்டில் ட்யூன் செய்ய முடியுமா?

பதில்: வீட்டிலேயே சரிசெய்ய முடியும். ஆனால் உங்களுக்கு ரீமேப் தேவையில்லை. ஈசியுவில் இருக்கும் மேப் தேய்ந்து போகிற பொருள் இல்லை. 3 வருடம் முன்பு இதே மேப்பில்தான் வண்டி நன்றாக ஓடியது, நீங்களும் எதையும் மாற்றவில்லை. அப்படியென்றால் மாறியிருப்பது மேப்பைச் சுற்றி இருக்கிற ஏதோ ஒன்று. அதைக் கண்டுபிடிக்காமல் மேப்பை மாற்றினால் பழுது அப்படியே இருக்கும், அதற்கு மேல் பெட்ரோல் அளவும் தப்பாகிவிடும்.

கார்புரேட்டரில் ஸ்க்ரூவைத் திருப்பி ட்யூன் செய்த பழக்கத்தில்தான் எஃப்ஐயையும் பலர் அணுகுகிறார்கள். இங்கே அப்படித் திருப்ப ஒன்றும் இல்லை. த்ராட்டில் (ஆக்சிலரேட்டரைத் திருப்பினால் திறக்கும் காற்றுக் கதவு) எவ்வளவு திறந்திருக்கிறது, மேனிஃபோல்டில் (காற்று எஞ்சினுக்குள் போகும் குழாயில்) காற்றழுத்தம் எவ்வளவு, எஞ்சின் சூடு, உள்ளே வரும் காற்றின் சூடு, கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) எந்த இடத்தில் சுற்றுகிறது என்று சென்சார்கள் சொல்வதை வைத்து, இஞ்செக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறக்க வேண்டும் என்று ஈசியு கணக்குப் போடுகிறது. ஐடிலிங்கிலும் சீரான வேகத்திலும் போகும்போது மட்டும் சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்கிற அளவை ஒட்டித் தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது. முறுக்கிப் பிடித்தால் அந்தச் சென்சாரை விட்டுவிட்டு மேப்பில் இருக்கும் அளவையே கொடுக்கும். உங்களுக்குத் தொந்தரவு வருவது சீரான வேகத்திலும் ஐடிலிங்கிலும், அதாவது சின்னத் தவறான தகவல்கூட உடனே வெளியே தெரிகிற இடத்தில். அதனால் ஈசியுவுக்கு யார் தப்பான தகவல் கொடுக்கிறார்கள் என்று தேடுவதுதான் வேலை.

அதற்கும் முன்னால் எஃப்ஐக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஒன்று செயின். லூஸாக இருந்தாலும், ஒரு இடத்தில் டைட்டும் இன்னொரு இடத்தில் லூஸுமாக இருந்தாலும், ஆக்சிலரேட்டரை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி அடைபடும் அதிர்ச்சி நேராக உங்கள் உடம்புக்கு வரும். சக்கரத்தை முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, மிக டைட்டான இடத்தில் வைத்து மேனுவலில் சொன்ன அளவுக்கு செட் செய்யுங்கள். இரண்டாவது ஆக்சிலரேட்டர் கேபிள். கைப்பிடியைத் திருப்பும்போது கேபிள் இழுக்கத் தொடங்கும் வரை சும்மா சுற்றும் தூரம் பெரும்பாலான வண்டிகளில் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அதிகமாக இருந்தால் திறப்பு திடுக்கென்று வரும், இல்லவே இல்லையென்றால் ஹேண்டிலைத் திருப்பும்போதே ரேஸ் ஏறும். "எஃப்ஐ ஜெர்க்" என்று வருகிற புகாரில் கணிசமானவை இந்த இரண்டிலேயே பாதிக்கு மேல் குறைந்துவிடும் என்பது என் அனுபவம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒற்றை சிலிண்டர் எஞ்சினை டாப் கியரில் 2500 ஆர்பிஎம்மில் இழுக்கச் சொன்னால் அது உதறத்தான் செய்யும், அதற்கு ஒரு கியர் இறக்குவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

அப்புறம் வழக்கமான சர்வீஸ் விஷயங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் மாற்றுங்கள், பிளக் முனையின் இடைவெளியை மேனுவல் அளவுக்குச் சரிபாருங்கள், டாப்பெட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி) பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசியுங்கள். டாப்பெட் டைட்டாகிவிட்டால் ஐடிலிங் ஒருபோதும் நிலைக்காது.

இனி த்ராட்டில் பாடி, அதாவது அந்தக் காற்றுக் கதவு இருக்கும் குழாய். 3 வருடம் ஓடிய வண்டியில் ஐடிலிங் ஏறி இறங்குகிறது என்றால் என் முதல் சந்தேகம் இங்கேதான். பட்டர்பிளை வால்வின் (அந்தக் கதவுத் தகட்டின்) விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் படியும். ஐடிலிங்கில் காற்று நுழைவது அந்த மெல்லிய இடுக்கு வழியாகவும், பக்கத்தில் இருக்கும் சின்ன ஐடில் காற்றுப் பாதை வழியாகவும்தான். முடி அளவு படிமம்கூட அந்தக் காற்றைக் குறைத்துவிடும், ஈசியு அதைச் சமாளிக்க ஐடில் வால்வைத் திறந்து திறந்து மூடும். எஞ்சின் ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஃபில்டர் பாக்ஸ் பக்கமிருந்து திறந்து பாருங்கள். த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் கிளீனரைப் பஞ்சு உதிராத துணியில் நனைத்துத் துடையுங்கள். நேராக உள்ளே பீச்சாதீர்கள், திரவம் பட்டர்பிளை தண்டு வழியாக இறங்கி த்ராட்டில் பொசிஷன் சென்சாருக்குள் போய்விடும். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், சில த்ராட்டில் பாடிகளின் உள்பூச்சை அது அரிக்கும். கம்பி, ஸ்க்ரூடிரைவர், உப்புத்தாள் எதுவும் உள்ளே போகக்கூடாது. கேபிள் இல்லாமல் எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டியென்றால் பட்டர்பிளையை விரலால் அழுத்தித் திறக்கவும் வேண்டாம், உள்ளே இருக்கும் மோட்டாரும் பற்சக்கரமும் கெட்டுப்போகலாம்.

துடைக்கும்போது அங்கே ஒரு ஸ்டாப் ஸ்க்ரூ கண்ணில் படும், பெரும்பாலும் பெயின்ட் அடையாளம் வைத்திருப்பார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அது ஐடிலிங் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ இல்லை, த்ராட்டில் மூடியிருக்கிற நிலை எது என்று தொழிற்சாலையில் அளந்து நிறுத்தியது. அதைத் திருப்பினால் மூடிய த்ராட்டிலைத் திறந்த த்ராட்டில் என்று ஈசியு நினைத்துக்கொள்ளும், மற்ற எல்லாக் கணக்கும் கலையும். சென்சாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவும் அப்படித்தான். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிடுங்கள், பல வண்டிகளில் ஈசியு புதிய ஐடில் நிலையை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. சில மாடல்களுக்குத் தனி ரீசெட் முறை உண்டு, அதை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். வேறு மாடலுக்குச் சொன்னதை உங்கள் வண்டியில் செய்து பார்க்க வேண்டாம்.

அடுத்த சந்தேகம் காற்றுக் கசிவு. த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர், வெயிலிலும் சூட்டிலும் வெடிக்கும். காற்றழுத்தச் சென்சாருக்குப் போகும் சின்ன ரப்பர் ஹோஸும் அப்படித்தான். எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து அந்த இணைப்புகள் மேல் மெல்லத் தெளியுங்கள். ஒரு இடத்தில் தெளித்ததும் எஞ்சின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். பலர் இதற்கு எரியக்கூடிய கிளீனரைப் பீச்சுகிறார்கள், சூடான சைலன்சருக்கு மேலே அதைச் செய்வது பெரிய ஆபத்து.

இதே மாதிரி இன்னொரு கசிவு யாருமே பார்க்காத இடத்தில் இருக்கும். சிலிண்டர் ஹெட்டில் சைலன்சர் பைப் சேரும் இடத்து கேஸ்கட் (இணைப்பை அடைக்கும் வளையம்) கசிந்தால், அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றும் பைப்புக்குள் போகும். ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும், ஈசியு தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறைந்து, பிளக் கறுத்து, ஜெர்க்கும் சேர்ந்து வந்தால் இஞ்செக்டரைத் திட்டுவதற்கு முன் அந்த கேஸ்கட்டைச் சுற்றி புகைக்கரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் பக்கம் வருவோம். சாவி போட்டதும் டேங்குக்குள் பம்ப் 2, 3 விநாடி முனகி நிற்க வேண்டும். பல பைக்குகளில் அழுத்தம் 3 பார் அளவில் இருக்கும், அதனால் ஃபியூயல் லைனை அப்படியே கழற்றினால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். பம்ப்பின் கனெக்டரை எடுத்துவிட்டு எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, அழுத்தம் இறங்கிய பிறகே கை வையுங்கள், அப்போதும் கொஞ்சம் பெட்ரோல் வழியும், துணி வைத்துக்கொள்ளுங்கள். இஞ்செக்டர் லேசாக அழுக்கேறியிருந்தால் பாலி ஈதர் அமீன் என்கிற அழுக்கு நீக்கும் ரசாயனம் உள்ள கிளீனரை பாட்டிலில் சொன்ன அளவில் பெட்ரோலில் கலந்து ஓட்டினால் பலன் தெரியும். மோசமாக அடைத்திருந்தால் அல்ட்ராசோனிக் மெஷினில் கொடுத்து, ஸ்பிரே எப்படி விழுகிறது என்றும் பார்த்து வாங்குவதுதான் சரி. வீட்டில் இஞ்செக்டருக்கு நேரடியாகப் பேட்டரி கனெக்‌ஷன் கொடுத்துக் கழுவும் வேலை வேண்டவே வேண்டாம், காயில் கருகும், தீப்பொறியும் பெட்ரோலும் ஒரே இடத்தில் சேரும்.

பேட்டரியை மறந்துவிடாதீர்கள். வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் பக்கமும், ஓடும்போது சுமார் 14 வோல்ட்டும் காட்ட வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் இஞ்செக்டர் திறக்கவே தாமதமாகும். ஈசியு ஓரளவு ஈடுகட்டும், ஆனால் எர்த் கனெக்‌ஷன் துருப்பிடித்து வோல்டேஜ் ஆடிக்கொண்டே இருந்தால் அதற்கும் ஒரு எல்லை உண்டு.

உண்மையில் பணம் செலவழிக்க வேண்டிய ஒரே கருவி, ஈசியுவில் இருக்கும் தகவலைப் படித்துக் காட்டும் ஸ்கேனர்தான். உங்கள் வண்டியின் சாக்கெட்டுக்குப் பொருந்தும் அடாப்டரும் போனில் ஓடும் ஓபிடி ஸ்கேனரும் போதும். சேமித்திருக்கும் எரர் கோடுகளை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பார்த்ததும் அழித்துவிடாதீர்கள். பிறகு லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் அளவுகள். எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து ஆக்சிலரேட்டரை மெல்லத் திருப்பினால் த்ராட்டில் சதவீதம் தாவாமல், நடுவில் விழாமல் ஏற வேண்டும். எஞ்சின் சூடானதும் ஆக்சிஜன் சென்சார் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் மாறி மாறி ஓட வேண்டும், ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் சென்சாரையோ மேலே சொன்ன கசிவையோ சந்தேகிக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் எஞ்சின் சூடும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

மேப்பைத் தொட வேண்டிய நேரம் ஒன்று உண்டு. பின்னாளில் நீங்கள் சைலன்சரையோ ஃபில்டரையோ மாற்றி, காற்று போகும் அளவு மாறினால். அப்போதும் காற்றுச் சூட்டுச் சென்சாரில் ஒரு ரெசிஸ்டரை மாட்டி ஈசியுவை ஏமாற்றும் மலிவான டப்பாக்களை வாங்காதீர்கள். காற்று குளிராக இருக்கிறது என்று நம்பி ஈசியு பெட்ரோலைக் கூட்டும், சீரான வேகத்தில் ஆக்சிஜன் சென்சார் அதைத் திரும்பக் குறைத்துவிடும், ஆகவே ஜெர்க் அடிக்கிற இடத்தில் ஒரு பலனும் இல்லை. முறையான பிக்கிபேக் கன்ட்ரோலரோ (ஈசியுவோடு சேர்த்து மாட்டும் பெட்டி) ஈசியு ஃப்ளாஷோ (மேப்பையே மாற்றி எழுதுவது) செய்வதென்றால், காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் கட்டாயம். அந்த விகிதத்தை முழு த்ராட்டிலில் 13 பக்கமும், சாதாரண ஓட்டத்தில் 13.5 முதல் 14.5க்குள்ளும் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் 2, 3 சதவீதம் மாற்றி, பதிவு செய்து, வண்டியை நிறுத்திய பிறகு பாருங்கள். பிளக் நிறத்தையும் சத்தத்தையும் வைத்து ஊகிக்காதீர்கள். லீனாக (பெட்ரோல் குறைவாக) விட்டால் சூட்டில் பிஸ்டனுக்கு ஆபத்து, ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) விட்டால் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைப் பெட்ரோல் கழுவிவிடும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அதிகச் சூட்டில் உருகிப்போகலாம். வாரன்ட்டியும், பல இடங்களில் புகைச் சட்டமும் இதில் சம்பந்தப்படும்.

உங்கள் இப்போதைய நிலைக்கு ஈசியு விஷயத்தில் செய்யத் தகுந்தது ஒன்றே ஒன்று இருக்கிறது. சில மாடல்களுக்கு விற்பனைக்கு வந்த பிறகு திருத்திய ஈசியு மென்பொருளைத் தயாரிப்பாளரே வெளியிடுவதுண்டு. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, உங்கள் வண்டிக்கு அப்படி ஏதாவது வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.