செல்லை வளரச் சொல்வது யார்? டெல்டா வாசகர்களின் புற்றுநோய்க் கேள்விகள்

திருவையாறு பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். செல் வளர்ச்சிக்கான சமிக்ஞைகளை ஆராயும் மூலக்கூறு உயிரியலாளர். சிகிச்சை தரும் மருத்துவர் இல்லை. மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவர் முடிவு. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

மயிலாடுதுறை, கல்லூரி மாணவி: அக்கா, ராஸ் மரபணுவைப் பாடத்தில் ஒரே பத்தியில் முடித்துவிட்டார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு பத்தியில் முடிகிற விஷயமா அது! நம் செல் தன் இஷ்டத்துக்குப் பிரிவதில்லை. வளர்ச்சிக் காரணி என்ற புரதம் வெளியிலிருந்து வந்து செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்ட வேண்டும். ஏற்பி, ராஸ் மரபணுவிலிருந்து உருவாகும் ராஸ் புரதத்தைத் தூண்டும். ராஸ் ராஃபை, ராஃப் மெக்கை, மெக் எர்க்கை என்று ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தூண்ட, செய்தி உட்கருவரை போகும். ராஸை நம் வாய்க்கால் மதகாக நினைத்துக்கொள். குவனோசின் ட்ரைபாஸ்பேட் என்ற சின்ன மூலக்கூறு அதில் ஒட்டியிருக்கும்வரை மதகு திறந்திருக்கும். அதிலிருந்து ஒரு பாஸ்பேட்டை ராஸே வெட்டிவிட்டால் மூடிக்கொள்ளும். ராஸ் புரதச் சங்கிலியின் 12ஆவது இடத்தில் இருக்கவேண்டிய கிளைசின் என்ற அமினோ அமிலம் மாறிப்போனால் அந்த வெட்டு சரியாக நடக்காது. மதகு திறந்தபடியே கிடக்கும், யாரும் கேட்காமலேயே செல் பெருகும்.

1982இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்லில் இதைக் கண்டார்கள். டிஎன்ஏவில் மாறியிருந்தது ஒரே ஒரு எழுத்து. என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது அந்த எழுத்துதான். ராஸின் மேற்பரப்பில் மருந்து உட்கார இடமே இல்லை என்று ரொம்ப காலம் நம்பினார்கள். 12ஆவது இடத்தில் சிஸ்டீன் என்ற வேறு அமினோ அமிலம் வந்த வகையில் மட்டும் மருந்து பிடித்துக்கொள்ள ஒரு பள்ளம் இருப்பதை 2013இல் அமெரிக்க விஞ்ஞானி கெவன் ஷோகட்டின் குழு காட்டியது. சோட்டராசிப் என்ற மாத்திரை 2021இல் நுரையீரல் புற்றுக்கு வந்தது. சிஸ்டீன் அல்லாத மாற்றங்களில் அது பலிக்காது.

மன்னார்குடி வாசகர்: அப்பாவுக்கு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் (சிஎம்எல்). இமாட்டினிப் மாத்திரையில் நன்றாக இருக்கிறார். இனி நிறுத்தலாமா மேடம்?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த நோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. வழக்கத்தைவிடச் சின்னதாக ஒரு குரோமோசோம் தெரிவதை 1960இல் பிலடெல்பியாவில் பார்த்தார்கள். அது இடமாற்றத்தால் வந்தது என்று 1973இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேனட் ரவுலி காட்டினார். அப்படி ஒட்டியதில் பிறக்கும் புரதம் ஓயாமல் ‘வளர்’ என்று செய்தி அனுப்பும். இமாட்டினிப் அதன் வாயை அடைத்து வைக்கிறதே தவிர, அந்த மரபணுவை அழிப்பதில்லை. பல வருடம் பரிசோதனையில் நோயின் சுவடு மிக மிகக் குறைந்தவர்களுக்கு மட்டும், அந்த மரபணுவின் சுவட்டை ரத்தத்தில் அளக்கும் பிசிஆர் சோதனையை அடிக்கடி செய்தபடி மருத்துவர்கள் நிறுத்திப் பார்ப்பதுண்டு. அவர்களிலும் பலருக்கு நோய் திரும்புகிறது. 2013இல் உச்ச நீதிமன்றம் இந்த மருந்தின் காப்புரிமை வழக்கில் தந்த தீர்ப்பால் உள்நாட்டுத் தயாரிப்புகள் தொடர்ந்து கிடைக்கின்றன. எனவே விலைக்காக நாள் விட்டு நாள் போடுகிறார் என்றால், அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

திருவாரூர், இல்லத்தரசி: எனக்கும் என் நாத்தனாருக்கும் மார்பகப் புற்று. டிராஸ்டுசுமாப் ஊசி அவருக்கு உண்டு, எனக்கு இல்லை என்கிறார்கள். பணம் பார்த்தா?

இல்லைம்மா. ஹெர்2 என்ற ஏற்பி மிக அதிகமாக இருக்கும் கட்டிக்குத்தான் அந்த ஊசி. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அப்படி இருக்கும். உங்கள் அறிக்கையில் ஹெர்2 ‘நெகட்டிவ்’ என்றிருந்தால் ஊசிக்கு அங்கே பிடிமானம் இல்லை. ஹார்மோன் ஏற்பி இருக்கிறதா என்று கேளுங்கள், அதற்கு வேறு மாத்திரைகள் உண்டு.

சீர்காழி வாசகர்: மஞ்சள் புற்றுநோயைக் குணமாக்குமாமே?

ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில் மஞ்சளிலுள்ள குர்குமின் பல சமிக்ஞைகளைத் தடுக்கிறது, உண்மைதான். வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. குழம்பில் போடுங்கள். சிகிச்சையை விட்டுவிட்டு அதை நம்பாதீர்கள்.

கும்பகோணம் வாசகர்: புகையிலை தொட்டதே இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு வெத்தலை, சீவல் மட்டும்தான். பயமில்லையே?

நம்மூர்ப் பந்தியில் தாம்பூலம் இல்லாமல் எழுந்திருக்க மாட்டோம், தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் பாக்கையே, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. பாக்கிலுள்ள அரெகோலின் கன்னத்தின் உட்புறத்தை உறுத்திக்கொண்டே இருக்கும். டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞை மிகுந்து நார்த்திசு கூடும், வாயின் உட்தோல் விறைக்கும். காரம் பட்டால் எரிகிறதா? மூன்று விரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியவில்லையா? ஆறாத புண், வெள்ளைத் திட்டு இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெற்றிலையோடு எனக்குச் சண்டை இல்லை, சீவலை விடுங்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: புற்றுநோய் ஒட்டுவாரொட்டியா?

இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம்.

நாகப்பட்டினம் வாசகர்: ஊசி குத்திச் சதை எடுத்தால் புற்று பரவிவிடும் என்று மாமா மறுக்கிறார். என்ன சொல்வது?

அப்படிப் பரவுவது மிக அரிது. ஆபத்துள்ள சில இடங்களில் மருத்துவர்களே ஊசி குத்திச் சதை எடுக்க மாட்டார்கள். அந்தச் சதைத் துணுக்கு இல்லாமல் எந்த மரபணு மாறியது என்று எப்படித் தெரியும்? மேலே சொன்ன மருந்துகள் எல்லாம் அந்த விடையைப் பார்த்துத்தான் தரப்படுகின்றன. அப்புறம், சதையை மெழுகில் பதித்துக் கட்டியாக வைத்திருப்பார்கள். வேறு மருத்துவமனைக்குப் போவதானால் அறிக்கையோடு மெழுகுக் கட்டியையும் கண்ணாடி வில்லைகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது.