வில்லி பிரவுன் கலிஃபோர்னியா சபாநாயகராக 14 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது எப்படி?

அங்கே சபாநாயகர் அவையை நடத்துபவர் மட்டுமல்ல. எந்தக் குழுவில் யார், தலைவர் யார் என்பதெல்லாம் அவர் கையில். அந்தப் பிடியை பிரவுன் போல் பயன்படுத்தியவர்கள் குறைவு.

1934இல் டெக்சஸின் மினியோலாவில், கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா வீட்டு வேலை செய்தவர். 1951இல் சான் பிரான்சிஸ்கோ வந்து, துப்புரவு வேலை பார்த்தபடி படித்து வழக்கறிஞரானார். 1964இல் சட்டமன்ற உறுப்பினர்.

சுவையான கதை 1980இல்தான். ஜனநாயகக் கட்சிக்குள் மெக்கார்த்தி, பெர்மன் இருவரும் பதவிக்கு முட்டிமோத, பிரவுன் ஆதரவு கேட்டு எதிர்க்கட்சியிடம் போனார். குடியரசுக் கட்சியினர் 28 பேர், சொந்தக் கட்சியில் 23 பேர்: 80 பேர் அவையில் நாற்காலி அவருக்கு! அடுத்து, தேர்தல் நிதி திரட்டிச் சக உறுப்பினர்களுக்குக் கொடுத்து விசுவாசத்தைச் சேர்த்தார். இது எனக்கு அவ்வளவாக உவப்பில்லாத பக்கம். ஆனால் அவர் நீடித்ததற்கு முக்கியக் காரணம் அதுதான்.

1994 தேர்தலில் குடியரசுக் கட்சி 41 இடம் பிடித்தும், அக்கட்சியின் பால் ஹார்ச்சர் என்பவர் அணி மாறியதால் உடனே பிரவுனை இறக்க முடியவில்லை. 1990இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த பதவிக்கால வரம்புதான் கதவடைத்தது. 1995இல் விலகியவர் 1996இல் சான் பிரான்சிஸ்கோ மேயரானார்.