மெனிஸ்கஸ் கிழிந்து வாரக்கணக்கான பிறகும் முட்டி வீங்குவது ஏன்?

கோத்தகிரியில் தேயிலைச் சரிவில் கால் திருகி மெனிஸ்கஸ் (முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு) கிழிந்தது, இன்னமும் சாயங்காலமானால் முட்டி வீங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீங்குவது அந்த ஜவ்வு இல்லை. மூட்டின் உள்பக்கத்தில் சைனோவியம் என்று ஒரு மெல்லிய சவ்வு உண்டு. கிழிந்த ஓரம் நடக்க நடக்க உரசி மூட்டை உறுத்த, அந்தச் சவ்வு அழற்சியடைந்து தேவைக்கு மேல் நீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது, அதனால்தான் காலையில் குறைந்து சாயங்காலம் கூடுகிறது. மெனிஸ்கஸின் வெளி ஓரத்துக்குத்தான் ரத்த ஓட்டம் உண்டு, உள்பகுதி கிழிந்தால் தானாக ஆறுவது கஷ்டம்.

நீர் கோத்தால் தொடையின் முன்பக்கத் தசை சரியாக வேலை செய்யாது, அப்புறம் சுமை முழுக்க மூட்டுக்கே. பிசியோதெரபிஸ்ட் அந்தத் தசைக்குப் பயிற்சி தருவது இதற்காகத்தான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குக் கெடுதல், இறங்கும்போதாவது பஸ் பிடியுங்கள். ஊரே குளிருதே, ஐஸ் எதற்கு என்று நினைக்காமல் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், வலி குறையும்.

முட்டி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டால் எலும்பு மருத்துவரைச் சீக்கிரம் பாருங்கள். காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும்.